ஏணியனின் மூன்றாவது வெளியீடு

வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபர் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கபிரியேல் தன் குழந்தைப் பருவத்தைக் கேட்கப் போவார். இது முப்பத்தொன்றாவது முறை. தூத்துக்குடிக் கேட்பகம் பழைய உப்பளத்தின் மேல் மிதக்கிற வெள்ளைக் கட்டடம். கடல் ஊருக்குள் வந்து எண்பது வருஷம் ஆகிவிட்டது. தெருவெல்லாம் வாய்க்கால், வீடெல்லாம் மிதவை. அதனால் படுத்திருக்கும்போது கட்டில் லேசாக ஆடும். அந்த ஆட்டமும், செவிலி ஒரு கரண்டி கொடுக்கிற துயில்நீரும் சேர்ந்தால் ஆள் முழுசாகத் தூங்கவும் மாட்டான், விழித்திருக்கவும் மாட்டான். அந்த நிலைக்கு அரைத்துயில் என்று பெயர்.

அரைத்துயிலில் அவர் நெஞ்சின் மேல் ஒரு சிவப்புப் பொம்மையை வைப்பார்கள். வச்சிரன். நிமிர்த்தினால் வீரன், மடக்கினால் தீயணைப்பு வண்டி. மாறுவீரர் வரிசையில் தலைமகன் அவன்தான். கண்ணை மூடியதும் எரிகிற அரண்மனை ஒன்று தெரியும், அதன் வாசலில் வச்சிரன் நிற்பான்.

"கபிரியேல்! நீ பயமே அறியாத பிள்ளை. ஆறு வயதில் படகுத்துறைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தண்ணீரில் குதித்தாய். துறையே கைதட்டியது" என்றான் வச்சிரன்.

போன வருஷம் சுறா வந்த கதை. அதற்கு முந்தைய வருஷம் புயலில் துடுப்புப் போட்ட கதை. கபிரியேலுக்குப் புல்லரித்தது. ஆனால், எழுந்து சட்டைப் பொத்தானைப் போடும்போது எப்போதும் போல ஏதோ ஒன்று குறைவதாகவும் இருந்தது. நல்ல விருந்தில் சாப்பிட்டு வந்த பிறகும் வீட்டில் சோறு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுமே, அந்த மாதிரி.

எழுபத்தொரு வயது மனிதர் பொம்மையிடம் போய்க் கதை கேட்கிறாரா என்று சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் எழுபத்தொன்று நடுவயது. உடம்பை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நூற்றைம்பது வரை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் மனிதர்கள். மண்டை மட்டும் அதே அளவுதான். அத்தனை வருஷத்து நினைவும் அதற்குள் அடங்குமா? அதனால் நாற்பது வயதானதும் நினைவொதுக்கம் என்ற சிகிச்சை செய்து, முதல் பத்து வருஷத்தைத் துடைத்து இடம் பண்ணுவார்கள். துடைத்தாலும் முழுசாகப் போய்விடாது. சின்ன வயதில் கூடவே கிடந்த பொம்மை எல்லாவற்றையும் கேட்டிருக்கும். வச்சிரன் மாதிரி ஒரு பாத்திரத்துக்கு எத்தனை லட்சம் பிரதிகள் விற்றாலும் உள்ளம் ஒன்றுதான். நாகர்கோவிலில் ஒரு வச்சிரன் கேட்டது எல்லா வச்சிரனுக்கும் தெரியும். கையிலிருந்த பொம்மை உடைந்து தொலைந்தாலும், அதன் எண் பதிவில் இருந்தால் போதும்.

இதில் ஒரு கண்டிப்பான சட்டமும் உண்டு. உன் குழந்தைமையை உனக்குச் சொல்லும் உரிமை பொம்மைக்கு மட்டுமே. ஆரம்ப காலத்தில் அம்மா ஒன்று சொல்ல, பொம்மை வேறொன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட பலருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அன்றிலிருந்து பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கபிரியேலின் அம்மா செலஸ்தீனா வாயைத் திறக்கவே இல்லை. தொண்ணூற்றேழு வயதில் மூன்றாம் வாய்க்காலில் பயணிகள் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்பகத்திலிருந்து நேராக அம்மாவின் படகில் ஏறி, அன்று கேட்டதை ஒன்றுவிடாமல் சொல்வது கபிரியேலின் வழக்கம்.

"கோபுரத்து உச்சியிலிருந்து குதிச்சேனாம்மா! ஆறு வயசுல!"

"அப்படியா ராசா" என்றார் அம்மா, சுக்கானைத் திருப்பிக்கொண்டே. "சாப்பிட்டியா?"

வருஷா வருஷம் இதே பதில்தான். இவ்வளவு வீரமான பிள்ளையைப் பெற்றவள் கொஞ்சம் பூரித்துப் போனால்தான் என்ன என்று அவருக்கு மனத்தாங்கல். சட்டத்துக்குப் பயப்படுகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டு துறையில் இறங்கி அலுவலகம் போனார்.

அலுவலகம் என்றால் வெளியீட்டுப் பதிவகம். எந்தப் பொம்மை எந்த வருஷம், எந்த நிறத்தில், எத்தனை பிரதி வெளிவந்தது என்று சரிபார்ப்பது கபிரியேலின் வேலை. கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால், ஓர் உள்ளத்தை விழிப்பில் வைத்திருக்க ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். அதனால் மூன்று முறை வெளியான பாத்திரம் நிலைப்பட்டியலில் சேரும். அதை எந்தக் காலத்திலும் அணைக்க மாட்டார்கள். மூன்றுக்குக் குறைந்து, அதை நம்பியிருக்கும் ஆட்களும் நூற்றுக்குக் கீழே போய்விட்டால், ஒரு வெள்ளிக்கிழமை அணைத்துவிடுவார்கள். அதற்குள் இருந்த குழந்தைமைகளும் அதோடு போய்விடும்.

அன்று அவர் மேசைக்கு முன்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் சுலைகா, அறுபத்திரண்டு வயது, காயல்பட்டினம்.

"சார், இந்த வெள்ளிக்கிழமை ஏணியனை அணைக்கப் போறாங்களாமே?"

கபிரியேலுக்கு யார் ஏணியன் என்றே உடனே பிடிபடவில்லை. ஏட்டைத் திறந்தார். மாறுவீரர் வரிசையில் இருபத்திரண்டாவது ஆள். மடக்கினால் தெருவிளக்கு பழுதுபார்க்கும் ஏணி வண்டி. அந்தப் பொம்மைகளை வைத்து வந்த தொலைக்காட்சித் தொடரில் மொத்தமே பதினொரு நொடி வந்தான், அதிலும் முதுகு காட்டி. உடம்பு சொந்த உடம்புகூட இல்லை. வச்சிரனின் அச்சிலேயே வார்த்து, மஞ்சள் பூசி, தலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். முதல் வெளியீடு மஞ்சள், படுத்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து பினாங்கில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு வெளியீடு. அங்கே அவனைத் தேங்காய் பறிக்கும் வண்டி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், பாவம். அவ்வளவுதான் அவன் வரலாறு.

"ரெண்டு வெளியீடுதாம்மா இருக்கு. மூணு வேணும். அவனை நம்பி இருக்கிறதும் அறுபத்தொரு பேர்தான்."

"எங்க வாப்பா பினாங்குலேர்ந்து கொண்டாந்தது சார் அது." அவர் அழவில்லை. அழுதால் பேச முடியாது என்று அடக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒம்பது வயசுல வாப்பா மௌத்தாயிட்டாங்க. அவங்க கதை சொல்லும்போதெல்லாம் அது என் தலையணைக்குப் பக்கத்துல கிடந்திருக்கு. வருஷத்துக்கு ஒரு மணி நேரம் அந்தக் கதையை ஏணியன் எனக்குச் சொல்லுவான். நடுவுல அவங்க இருமினதைக்கூட விடமாட்டான். எனக்கு வாப்பா அந்த ஒரு மணி நேரம்தான் சார். வேற எங்கயும் இல்லை."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். பார்ப்பதற்கு அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. சரிபார்ப்பாளர் எந்தப் பாத்திரத்தையும் நேரில் விசாரிக்கலாம். மறுநாள் காலை கேட்பகத்தின் பின்கட்டில் படுத்து, நெஞ்சின் மேல் ஏணியனை வைத்துக்கொண்டார். மஞ்சள் வெளுத்துப்போய், ஒரு சக்கரம் இல்லாத பொம்மை.

கண்ணை மூடியதும் மழை ஓய்ந்த தெரு ஒன்று தெரிந்தது. எங்கோ பெரிய சண்டை நடந்து முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட தெரு. விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. கோடியில் ஒரு சின்ன வண்டி நின்று, ஏணியை நீட்டி, ஒரு விளக்கை ஏற்றியது. அப்புறம் மெதுவாக அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தது. ஈரத் தரையில் வெளிச்சம் விழுந்தது. கபிரியேலுக்கு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கலாம் போல இருந்தது. வண்டி அவரைப் பார்த்தது, ஒன்றும் பேசவில்லை. மாறுவீரர்களின் குணம் எல்லாம் அவரவர் பெட்டியின் பின்னால் அச்சிட்ட மூன்று வரிதான். ஏணியன் பெட்டியில் இப்படி இருந்தது: போர் முடிந்த பிறகு வருவான். தெருவிளக்கைச் சரிசெய்வான். கேட்டால்தான் பேசுவான்.

"உன்னை எத்தனை முறை வெளியிட்டாங்க?" என்று கேட்டார்.

"மூணு."

"ரெண்டுதானே? மஞ்சள், பச்சை."

"மஞ்சள், சிவப்பு, பச்சை."

"சிவப்பு வச்சிரனாச்சே?"

"வெளியே வச்சிரன். உள்ளே நான். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பிள்ளைகள். எல்லாரும் என்னை வச்சிரான்னுதான் கூப்பிட்டாங்க. தீயை அணைக்கச் சொன்னாங்க, அணைச்சேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

"நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேட்கலையே."

கபிரியேல் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பொம்மைகள் பொய் சொல்லலாம், ஏடு சொல்லாது. மாறுவீரர்களைச் செய்த ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை எப்போதோ மூடிவிட்டது. அதன் பழைய பதிவுகளைத் தோண்டியெடுக்க இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை காலை விஷயம் கிடைத்தது.

பொம்மையை அதன் உள்ளத்தோடு இணைக்க நெஞ்சில் பதிக்கும் உள்ளணுக்கள் தட்டுத் தட்டாக வரும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குழம்பாமல் இருக்க, வச்சிரன் தட்டுகளின் மூலையில் சிவப்புப் பொட்டும், ஏணியன் தட்டுகளின் மூலையில் மஞ்சள் பொட்டும் வைத்திருந்தார்கள். ஏணியன் விற்காமல் போகவே மீந்த தட்டுகளை அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தொழிலாளர்கள் சும்மா இருப்பார்களா? இயந்திரம், மேசை, திருகாணிப் பெட்டி, துடைப்பம் என்று எதையும் விடாமல் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார்கள். தட்டுகளுக்கும் வைத்தார்கள். கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் இருந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு, கையில் பொரிகடலை. பின்னால் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்று பாக்கியில்லாமல் மூலைக்கு ஒரு மஞ்சள், அதன் நடுவில் ஒரு சிவப்பு.

பூஜை முடிந்து தீபாவளிச் சரக்கை அவசர அவசரமாக முடித்தபோது எந்தத் தட்டு எதற்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பதிக்கிற இயந்திரம் மட்டும் எண்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. சிவப்பு வச்சிரன் எண் 18,400 முதல் 22,515 வரை உள்ளே இருந்தது ஏணியன். எல்லாமே தென் மாவட்டங்களில் விற்றவை.

கபிரியேலுக்குத் தன் பொம்மையின் எண் மனப்பாடம். அந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் பிறந்த நாளுக்கு முன்னால் பொம்மை எண்ணைச் சொல்வார்கள். அவருடையது 20,933.

முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது? குங்குமம் வைத்தவர்கள்மேலா? அப்புறம் புரிந்தது. வச்சிரன் பெட்டியின் பின்னால் முதல் வரியே இதுதான்: யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டான். தன்னிடம் இல்லாத பிள்ளை வந்து கேட்டால், அந்தப் பெரிய மனசுக்காரன் என்ன செய்வான்? அதே ஊர், அதே வயதுப் பிள்ளை ஒன்றின் கதையை எடுத்துக் கொடுத்துவிடுவான். கோபுரத்திலிருந்து குதித்தது யாரோ. சுறாவைப் பார்த்துச் சிரித்தது யாரோ. அப்படியென்றால் நான் யார்?

தலைமைப் பதிவர் தமயந்தி கோப்பைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க எண்ணும் இதுல இருக்கு, இல்லையா?"

"இருக்கு மேடம்."

"இன்னைக்கு சாயங்காலம் அணைக்கணும். நீங்க கையெழுத்துப் போட்டா இது மூணாவது வெளியீடாயிடும், அவன் பிழைச்சிடுவான். ஆனா ஒண்ணு யோசிங்க கபிரியேல். அந்தத் தொகுதியில மூவாயிரம் பேர் உயிரோட இருக்காங்க. அத்தனை பேருக்கும் கடிதம் போகணும். நீ முப்பது வருஷமா கேட்டது உன் கதை இல்லைன்னு சொல்லணும். இந்தப் பக்கம் அறுபத்தொரு பேர். கொஞ்ச நாள் அழுவாங்க, ஆறிடும். நான் கட்டாயப்படுத்தலை. உங்களுக்கும் நல்லதுன்னுதான் சொல்றேன்."

கெட்டவர் இல்லை அவர். சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கபிரியேல் கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. கோபுரத்து உச்சியில் நிற்கிற பையனை நினைத்தார். அவனை விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. அந்தப் பையனை நம்பித்தான் வேலைக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், மனைவி இறந்தபோது தாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டால் அவன் போய்விடுவான், பதிலுக்கு எந்தப் பையன் வருவான் என்று தெரியாது. பிறகு காயல்பட்டினத்தில் ஒரு மனிதர் கதையை நிறுத்தி இருமிவிட்டுத் தொடர்ந்ததை நினைத்தார். அந்த இருமலை அணைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? பேனாவை எடுத்தார், போட்டுவிட்டார்.

சுலைகாவைத் தொலைபேசியில் அழைத்துத் தகவல் சொன்னார். "அல்லாஹ் உங்களுக்கு நல்ல நசீபைத் தரட்டும் சார்" என்றார் அந்தப் பெண்மணி.

கடிதங்கள் போயின. தென் மாவட்டங்களில் கேட்பக வாசல்களில் கூட்டம். சண்டை போட வந்தவர்களும் உண்டு, பேயறைந்த மாதிரி நின்றவர்களும் உண்டு. கபிரியேல் மட்டும் போகவில்லை. இன்று வேலை, நாளை தலைவலி என்று மூன்று வாரம் தட்டிக்கழித்தார். பயம்தான், வேறென்ன. நாலாவது வாரம் ஒரு பிற்பகல் போய்ப் படுத்தார்.

அதே தெரு. இப்போது பாதி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டி நின்று அவரைப் பார்த்தது.

"நான் எப்படிப்பட்ட பிள்ளை?" என்று கேட்டார்.

"தண்ணிக்குப் பயந்த பிள்ளை" என்றது ஏணியன். "பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைப் பாலம். ஒன்பது பலகை. நீ தாண்ட மாட்டாய். எட்டு வயது வரைக்கும் உன் அம்மா தினமும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். உன் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிற மாதிரி காட்டிக்கொள்வாள், உனக்கு உறைக்காமல் இருக்க. ராத்திரி படுத்ததும் என் காதில் சொல்வாய். வச்சிரா, அம்மாவுக்குத் தோள் வலிக்குது, நாளைக்கு நானே நடந்துருவேன். தினமும் சொன்னாய். எழுநூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பாய்."

"நடந்தேனா?"

"இல்லை. ஆனால் சொல்லாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை."

கபிரியேல் எழுந்து சட்டையைச் சரியாகப் போட்டாரா என்றுகூட அவருக்கு நினைவில்லை. மூன்றாம் வாய்க்கால் துறையில் போய் நின்றார். அம்மாவின் படகு வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அவர் ஏறி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். படகு நடு வாய்க்காலுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"அம்மா, நான் தண்ணிக்குப் பயந்த பிள்ளையாம்."

செலஸ்தீனா படகின் இயந்திரத்தை நிறுத்தினார். படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"யாருல சொன்னா?"

"ஏணியன். இத்தனை நாள் கேட்டது வேற யார் கதையோ. பலகைப் பாலத்துல நீதான் என்னைத் தூக்கிட்டுப் போவியாம்."

"நாலாம் பலகை வந்ததும் என் முடியைப் பிடிச்சு இழுப்பியே, அதைச் சொன்னானா?"

"இல்லையே."

"ஒரு நாள் பயத்துல என் கழுத்துலயே மோண்டுட்டியே, அது?"

கபிரியேல் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறாள். தொண்ணூற்றேழு வயது முகம் கோணிக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் இருந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படில சொல்ல? சட்டம் கிடக்கட்டும். நீ வந்து கோபுரத்துல குதிச்சேன், சுறாவைப் பாத்தேன்னு சொல்லுத, உன் மூஞ்சி அப்படி மலந்து கிடக்கும். ஏலே, நீ பயந்தாங்கொள்ளின்னு எந்த வாயால சொல்ல? முப்பத்தோரு வருஷம். எவளோ பெத்த பிள்ளை கதையை என்கிட்ட வந்து சொல்லுத, நானும் அப்படியா ராசா, அப்படியா ராசான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என் பிள்ளையைத் தெரிஞ்சவ உலகத்துல நான் ஒருத்திதான்னு இருந்தேன்ல. நான் போனா அவனும் போயிருவான்னு இருந்தேன்."

துறையில் காத்திருந்தவர்கள் படகு ஏன் நிற்கிறது என்று குரல் கொடுத்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கபிரியேலின் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நீ பொறந்தன்னைக்கு நல்ல மழை" என்று ஆரம்பித்தார்.